றோட்டுல ஆரைக் கண்டாய்?

பின்னேரம் நாலரை மணிபோல நான் சைக்கிளைக் கொண்டுவந்து வேலியோடு சாத்தும்போது அம்மா கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டியா" இல்லை. "இண்டைக்கு என்ன படிச்சாய்" என்பதும் இல்லை. "றோட்டுல ஆரைக் கண்டாய்?" என்பதுதான்.

நானும் சொல்வேன். இலுப்படிச்சேனையில் தயிர்ச்சட்டி அடுக்கின ஓட்டோ ஒன்று நின்றது. பங்குடாவெளிப் பக்கம் ஒரு உழவு மெசின், பெட்டிக்குள் ஆறேழு பொம்பிளைகள். மணல் ஏற்றின டிப்பர் இரண்டு. விறகு மாமா. ஒரு பஸ். அவ்வளவுதான். இந்தப் பட்டியலை முழுக்கக் கேட்ட பிறகுதான் அம்மா குசினிக்குள் போவா. தேத்தண்ணி வரும்.

கன நாளாக இது அம்மாவின் ஒரு பழக்கம், ஊர்ப்புதினம் கேட்கிற ஆசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று விளங்குவதற்கு எனக்கு ஒரு சைக்கிளும் ஒரு யானையும் தேவைப்பட்டன.

எங்கட ஊர் கரடியனாறு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். அதனால்தான் இந்தப் பக்கத்துக்குப் படுவான்கரை என்று பெயர். வெளியூர் ஆட்களுக்கு மட்டக்களப்பு என்றால் வாவி, கல்லடிப் பாலம், கடற்கரை. செங்கலடிச் சந்தியில் இருந்து பதுளை வீதியில் திரும்பினால் வருவது வேறொரு மட்டக்களப்பு. வயல், குளம், பற்றைக்காடு, அதற்கு நடுவில் திடீர் திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைகள். மலை என்று சொன்னால் பதுளைக்காரர் சிரிப்பார்கள். ஆனால் எங்களுக்கு அதுதான் மலை. குசலானமலையில் முருகன் இருக்கிறார். கொஞ்சம் தள்ளி வடமேற்கே குடும்பிமலை இருக்கிறது. தலையில் முடிந்த குடும்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

வரைபடத்தில் இந்த வீதிக்கு ஏ5 என்று பெயர். பேராதனையில் தொடங்கி, நுவரெலியாவுக்கு ஏறி, பதுளை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, பெரியபுல்லுமலை, கரடியனாறு தாண்டி செங்கலடியில் முடிகிறது. குளிர் ஊரில் இருந்து கடற்கரைக்கு இறங்கி வருகிற ஒரு பாதையின் கடைசித் துண்டில்தான் எங்கள் வீடு. இந்தத் துண்டில் வாகனம் குறைவு. காபட் போட்ட நல்ல றோட்டு, ஆனால் பத்து நிமிசம் நின்று பார்த்தாலும் ஒன்றும் வராத நேரங்கள் உண்டு.

சைக்கிள் ஓட விரும்புகிற ஆளுக்கு இதைவிட என்ன வேணும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

•

2022 ஆனி மாதம். பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் இருந்தால்தான். ஆனி 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் மிதிபலகையில்தான் இடம்.

நான் அப்போது வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விரிவுரைகள் எல்லாம் ஒன்லைனுக்குப் போயின. எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடு. மழை இருட்டினால் அதுவும் இல்லை. செங்கலடியில் சித்தி வீட்டில் வைஃபை இருந்தது. ஆனால் செங்கலடிக்குப் போக வழி?

குசினிக்குப் பின்னால், ஓலையால் மூடி, அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் கிடந்தது. அப்பா கட்டாருக்குப் போய்ப் பல வருசம். பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள், கியர் இல்லை. சைக்கிள் விலை தலைகீழாகப் போன நேரம் அது. முந்தி இருபதாயிரம் சொன்ன சைக்கிளுக்கு அம்பதாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். தம்பியும் நானும் அந்தப் பழசை வெளியில் இழுத்தோம். இரண்டு ரயரும் வெடித்துப் போயிருந்தன, செயின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைக்கலாம் என்றால் மண்ணெண்ணெயும் இல்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தோம்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. உதவிக்கு வரவில்லை. "அத ஏன் இழுக்கிறீங்க" என்று மட்டும் கேட்டா. அந்தச் சைக்கிளை அம்மா ஒருநாளும் தொட்டதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பட்டது. விற்கவும் விடவில்லை, ஓடவும் விடவில்லை.

ரயரும் ரியூப்பும் வாங்கிப் போட்டு, மூன்றாம் நாள் விடிய ஆறு மணிக்கு நான் வெளிக்கிட்டேன். அம்மா படலை வரைக்கும் வந்தா. "ஆக்கள் போற நேரம் பாத்துப் போ" என்றா. எனக்கு விளங்கவில்லை. ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போனால்தானே நல்லம்?

•

பஸ்ஸில் ஆயிரம் தரம் போன பாதையைச் சைக்கிளில் போகும்போது முதலில் தெரிவது, அது சமதரை இல்லை என்பது. பஸ்ஸுக்குத் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் முழங்காலுக்குத் தெரியும். ஒரு மதகு வரும். அதுக்கு இறங்குவோம். மறுகா ஒரு நீட்டு ஏத்தம், கண்ணுக்கு ஏத்தம் மாதிரியே தெரியாது, ஆனால் பெடல் கனக்கத் தொடங்கும். சீற்றில் இருந்து எழும்பி மிதிக்க வேண்டும். ஏறி முடிந்த இடத்தில் கொஞ்சம் காற்று, பிறகு காலை ஆட்டாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். ஊரைவிட்டு மேற்கே, உறுகாமம், மரப்பாலம், கோப்பாவெளி, புல்லுமலைப் பக்கம் போகப் போக இந்த ஏத்தமும் இறக்கமும் கூடிக்கொண்டே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்லுமலை வரைக்கும் ஓடிப் பார்த்தேன். திரும்பி வரும்போது தொடை இரண்டும் நடுங்கின. ஆனால் பாலைப்பழக் காலம். வழியில் ஒரு பேணி வாங்கி, உதடு ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டு வந்தேன்.

இரண்டாவது தெரிவது காற்று. எங்களுக்குக் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று வறுத்துத் தின்கிறது. மற்றது வைகாசிக்குப் பிறகு மேற்கில் இருந்து வீசுகிற காற்று. மத்திய மலையில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. அடுப்படியில் நிற்கிற மாதிரிச் சூடு. விடியப்புறம் அது அடங்கிக் கிடக்கும், அதனால் செங்கலடிக்குப் போகிறது சுகம். பின்னேரம் திரும்பி வரும்போது நேர் முகத்துக்கு அடிக்கும். போக முக்கால் மணித்தியாலம் என்றால் வர ஒன்றேகால். சில நாளில் இறக்கத்திலும் மிதிக்க வேண்டி வந்தது.

ஆனாலும் சொல்ல வேண்டும், எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஊரில் ஒரு பொம்பிளைப்பிள்ளை தனியாகப் போகக்கூடிய இடம் எவ்வளவு? கடை, கோயில், ரியூசன். எல்லா இடத்திலும் யாரோ ஒருவரின் கண் இருக்கும். அந்த றோட்டில் யாரும் இல்லை. நடு வெள்ளைக் கோட்டில் ஓடினேன். பெரிய குரலில் பாடினேன். ஒரு நாள் கையை விட்டு ஓடப் பழகி, மதகோடு மோதி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். பார்க்க ஆள் இல்லாததால் வெட்கமும் இல்லை.

ஆளில்லாத றோட்டைப் படம் எடுத்துப் போட்டேன். இரண்டு பக்கமும் மரம், நடுவில் கறுப்பு றோட்டு, தூரத்தில் பாறை. கொழும்பில் இருக்கிற சினேகிதி "சொர்க்கத்தில இரிக்காய்" என்று எழுதினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

•

அந்த றோட்டில் எனக்கு முன்பே சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவர்களை நான் அதுவரைக்கும் சைக்கிள்காரராகவே எண்ணியதில்லை. அவர்கள் விறகுக்காரர்கள்.

விறகுச் சைக்கிளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பின் கரியரின் இரண்டு பக்கமும் தடி வைத்துக் கட்டி, அதற்கு மேல் விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். பின்னால் இருந்து பார்த்தால் ஆள் தெரியாது, சைக்கிளும் தெரியாது. ஒரு விறகுக்கட்டு தானாக நகர்ந்து போகிற மாதிரித்தான் இருக்கும். சமதரையில் ஏறி ஓடுவார்கள். ஏத்தம் வந்தால் இறங்கித் தள்ளுவார்கள். இறக்கம்தான் பயங்கரம். அந்தப் பாரத்துக்குப் பிறேக் பிடிக்காது. செருப்புக் காலை றோட்டில் தேய்த்துத் தேய்த்துத்தான் வேகத்தைக் குறைப்பார்கள். நாலு மணிக்கே வெளிக்கிட்டுச் செங்கலடி, ஏறாவூர் வரைக்கும் கொண்டுபோய் விற்றுவிட்டு, வெறும் சைக்கிளோடு பின்னேரம் திரும்புவார்கள். 2022 இல் காஸ் சிலிண்டரும் இல்லாமல் போனதால் விறகுக்கு ஏகப்பட்ட கேள்வி. எனக்குச் சந்தோசம் தந்த அதே தட்டுப்பாடுதான் அவர்களுக்கு இரட்டைச் சுமையும் கொஞ்சம் கூடுதல் காசும் கொடுத்தது.

அவர்களில் ஒருவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. அப்பாவைவிட வயது கூட. ஏத்தத்தில் நான் அவரை முந்திப் போவேன், "ஓடு மனே ஓடு" என்பார்.

ஆவணி மாதம் ஒரு நாள் எனக்குப் பிந்திவிட்டது. விரிவுரை இழுத்துக்கொண்டு போனது, வெளிக்கிட நாலு மணி. கறுத்தப்பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் ரயர் காற்றுப் போனது. ஒரு கடைவாசலில் வாளித் தண்ணி வாங்கி, ரியூப்பை முக்கிக் குமிழி பார்த்து, உரஞ்சி, ஒட்டுப் போட்டு முடிய அரை மணித்தியாலம். பிறகு கச்சான் காற்று. இலுப்படிச்சேனை தாண்டும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது.

அன்றைக்கு றோட்டு வழமையைவிட வெறுமையாக இருந்தது. ஒரு மோட்டார்சைக்கிள்கூட எதிரில் வரவில்லை. காற்றும் மெல்ல அடங்கியது. என்ன அழகு என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

ஒரு வளைவுக்கு முன்னால் மருதமரத்துக்குக் கீழே விறகு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டுவிட்டு நின்றார்கள். ஒரு ஓட்டோவும் எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றது. மாமா கையை நீட்டி மறித்தார்.

"எங்க போறாய் புள்ள? நில்லு."

"ஏன் மாமா?"

"எதிரால ஒருத்தரும் வரல்லியே. உனக்கு விளங்கல்லியா?"

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். முதலில் பற்றைதான் தெரிந்தது. பிறகு பற்றையில் ஒரு துண்டு அசைந்தது. தனியன் யானை. றோட்டில் ஒரு கால், மண்ணில் ஒரு கால் என்று நின்று, காதை ஆட்டிக்கொண்டிருந்தது. நான் போன வேகத்தில் போயிருந்தால் அதன் முன்னால்தான் போய் நின்றிருப்பேன். வளைவுக்கு அங்கால அதே மாதிரி நாலைந்து வாகனம் நின்றிருக்க வேண்டும். அதனால்தான் றோட்டு எனக்கு அவ்வளவு வெறுமையாகத் தெரிந்திருக்கிறது.

இருபது நிமிசம் நின்றோம். யாரும் கதைக்கவில்லை. அது தன் பாட்டில் இறங்கி வயல் பக்கம் போனது. மாமா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "றோட்டுல ஆளில்லாட்டி, ஏன் இல்ல எண்டு முதல்ல யோசிக்கோணும். மறுகாதான் மிதிக்கோணும்."

இந்த நாட்டில் 2022, 2023 இரண்டு வருசமும் யானை அடித்து இறந்த மனிசர் வருசத்துக்கு நூறுக்கு மேல். செத்த யானைகள் வருசத்துக்கு நானூறுக்கு மேல். இதில் பெரும்பாலும் எங்களைப் போன்ற உலர்வலயக் கிராமங்கள்தான். விறகுக்கும் மாட்டுக்கும் வயலுக்கும் போகிறவர்கள். யானைக்கும் போக இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. கோபிக்க யாரைப் பிடிப்பது என்று தெரியாத பிரச்சினை இது.

•

வீட்டுக்கு அரைக் கிலோமீற்றர் இருக்கும்போதே அம்மாவைக் கண்டேன். கையில் டோர்ச் லைட், காலில் செருப்பு இல்லை. மாமாவும் மற்றவர்களும் என்னோடு கூடவே ஓடி வந்ததைப் பார்த்ததும் அப்படியே றோட்டோரம் குந்திவிட்டா.

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. இரவு சாப்பிட்டு முடிந்து, தம்பி படுத்த பிறகு, அம்மா தானாகவே கதைக்கத் தொடங்கினா. கீழே அம்மா சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

2007 மாசி, பங்குனி. எங்கள் பக்கம் அப்போது புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசம். செங்கலடிக் கறுத்தப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இராணுவம். அப்பா கொழும்பில் மேசன் வேலைக்குப் போய், பாதை பூட்டியதால் வர முடியாமல் நின்றுவிட்டார். வீட்டில் அம்மா, அம்மம்மா, ஐந்து வயதில் நான், கைக்குழந்தையாகத் தம்பி. பங்குனியில் ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்கியது. சனம் வெளிக்கிட்டது. அம்மா வெளிக்கிடவில்லை. பெரும்போக நெல் மூட்டை வீட்டுக்குள் இருந்தது. "ஒரு நாள் பாப்பம், ஒரு நாள் பாப்பம் எண்டு இருந்தன்."

"மறுகா ஒரு நாள் விடியக்காலம வாசலுக்கு வந்து பாத்தன். றோட்டுல ஒரு குஞ்சு குருமான் இல்ல. முதல் நாள் ராவு வரைக்கும் உழவு மெசினும் மாட்டு வண்டிலும் சனமும் போய்க்கொண்டே இரிந்த றோட்டு. அப்பிடியே வெறிச்சோடிக் கிடக்கு. நாய் ஒண்டு மட்டும் நடுவில படுத்துக் கிடக்கு. அப்பதான் எனக்கு விளங்கிச்சு, நாங்கதான் கடைசி எண்டு."

அந்த லுமாலா சைக்கிளின் கரியரில் ஒரு அரிசிப்பை. பாரில் நான். தம்பி அம்மாவின் இடுப்பில், சீலைத் துண்டால் கட்டி. அம்மம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால். சைக்கிளை ஓடவில்லை, தள்ளினா. கறுத்தப்பாலம் வரைக்கும் தள்ளினா. நான் இன்றைக்கு முக்கால் மணித்தியாலத்தில் ஓடுகிற அதே தூரம். எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. "நீ பார்ல இரிந்து பாட்டுப் பாடினாய்" என்றா. "பாடாத எண்டன். ஏன் எண்டு கேட்டாய். றோட்டுல ஒருத்தரும் இல்லியே, பாடினா என்ன எண்டு கேட்டாய்."

அந்த மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்து இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். நாங்கள் அதில் நாலு பேர். செங்கலடிப் பக்கத்தில் தரப்பாள் கொட்டிலில் இருந்தோம். திரும்பி வர மாதக்கணக்கானது. நெல்மூட்டை இருக்கவில்லை. சைக்கிள் மட்டும் எங்களோடு போய் எங்களோடு வந்தது.

எனக்கு அந்தப் பயணம் ஞாபகமே இல்லை. பாடினது ஞாபகம் இல்லை. பாரில் இருந்தால் தொடை வலிக்கும் என்பது மட்டும் எங்கேயோ உடம்பில் இருக்கிறது.

•

ஆனால் 2010 எனக்கு ஞாபகம் இருக்கிறது. புரட்டாதி 17, வெள்ளிக்கிழமை. யுத்தம் முடிந்து ஒரு வருசம் கடந்துவிட்டது, றோட்டுப் போடுகிறார்கள் என்று ஊரே சந்தோசப்பட்ட காலம். நாங்கள் வகுப்பில் இருந்தோம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிலம் ஆடியது, பிறகு சத்தம். பிள்ளைகள் எல்லாம் மேசைக்குக் கீழே போய்விட்டோம். யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை. திரும்பவும் தொடங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

வீதி வேலைக்குப் பாறை உடைப்பதற்காகக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவுக்குள் கொள்கலனில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்திருந்தது. பொலிஸ்காரர்கள், ஊர்ச்சனம், வீதி வேலைக்கு வந்திருந்த சீனர் இருவர் என்று இருபதுக்கு மேலான உயிர்கள் போயின. அது விபத்து என்று அரசாங்கம் சொன்னது. பல நாளுக்கு அந்தத் துண்டு றோட்டால் ஒருவரும் போக விரும்பவில்லை. அப்போதும் றோட்டு வெறுமையாகத்தான் கிடந்தது.

நான் கையை விட்டு ஓடிப் பழகிய வழுவழுப்பான காபட் றோட்டின் கதையில் அந்த வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. இதைச் சொல்லி யாரையும் குற்றவாளி ஆக்க வரவில்லை. றோட்டு எங்களுக்கு வேணும். அது வந்த பிறகுதான் நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் ஓடும்போது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

•

கம்பஸ் திரும்பத் திறந்த பிறகு ஒரு ஒப்படைக்காக வாசித்தபோது நெதர்லாந்துக் கதை கண்ணில் பட்டது. 1973 இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசு சொன்னது. முதல் ஞாயிறு 1973 நவம்பர் 4. சனம் பெருந்தெருவில் சைக்கிள் ஓடியது, பிள்ளைகள் நடு றோட்டில் விளையாடினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்புதான், 1971 ஆம் ஆண்டில் மட்டும், நானூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வீதி விபத்தில் அந்த நாடு பறிகொடுத்திருந்தது. பெற்றோர்கள் தெருவுக்கு இறங்கிப் போராடிக்கொண்டிருந்தார்கள். தட்டுப்பாடு வந்தபோது, வெறுமையான றோட்டு எப்படி இருக்கும் என்று எல்லோரும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டார்கள். தட்டுப்பாடு போன பிறகும் சைக்கிளுக்குப் பாதை கேட்டார்கள், கட்டினார்கள்.

எங்களுக்கும் 2022 இல் அதே மாதிரி ஒரு பாடம் இலவசமாகக் கிடைத்தது. கியூஆர் வந்தது, பெற்றோல் வந்தது, 2023 புரட்டாதியில் கியூஆரும் போனது. சைக்கிள்கள் திரும்பவும் குசினிக்குப் பின்னால் போயின. டிப்பர்கள் முந்தியதைவிட வேகமாக ஓடுகின்றன. றோட்டோரத்தில் விறகுச் சைக்கிளுக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ ஒரு முழ இடம் விட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் சைக்கிளை விடவில்லை. படிப்பு முடிந்துவிட்டது, செங்கலடியில் வேலை. கிழமையில் மூன்று நாளாவது சைக்கிளில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பட்டினத்தில் இருந்து தலைக்கவசமும் கியர் சைக்கிளுமாகப் பொடியன்மார் சிலர் வருகிறார்கள். போன மாதம் ஒருவர் நின்று தண்ணி வாங்கிக் குடித்தார். "அக்கா, குடுத்து வச்ச ஆக்கள் நீங்க. ட்ரபிக்கே இல்ல" என்றார். நல்ல பிள்ளை. நானும் அதைத்தானே சினேகிதிக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாறதென்றால் வாங்க. விடிய ஆறு மணிக்குச் செங்கலடியில் வெளிக்கிடுங்க, அதற்கு முதல் வேண்டாம். ஆனி, ஆடி, ஆவணியில் வந்தால் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகும், ஆனால் வெயில் கொல்லும், இரண்டு போத்தல் தண்ணி வேணும். ஒட்டும் சொலூசனும் காற்றுப் பம்பும் கொண்டு வாங்க, வழியில் கடை குறைவு. விறகுச் சைக்கிள் இறக்கத்தில் வந்தால் நீங்கள் ஒதுங்குங்க, அவரால் பிறேக் பிடிக்க முடியாது. நாலரைக்குள் திரும்பிவிடுங்க. முக்கியமாக, எதிரில் வருகிற ஆட்களுக்குத் தலையாட்டி, "அங்கால என்ன" என்று ஒரு வார்த்தை கேளுங்க. எதிரில் ஒருவருமே வராவிட்டால், படம் எடுக்க முதல் கொஞ்சம் நில்லுங்க.

விறகு மாமா இப்போது வருவதில்லை. முழங்கால் ஏலாது என்று சைக்கிளைக் கொடுத்துவிட்டார். காலையில் போகும்போது அவர் வீட்டு வாசலில் பெல் அடிப்பேன். உள்ளே இருந்து "ஓடு மனே" என்று சத்தம் வரும்.

நேற்றும் வழமைபோல நாலரைக்கு வந்தேன். அம்மா கேட்டா. தயிர் ஓட்டோ, இரண்டு டிப்பர், வெள்ளை உடுப்போடு டபுள் போன இரண்டு பள்ளிக்கூடப் பொட்டைகள், மாட்டுப்பட்டி ஒன்று, அதற்குப் பின்னால் பெரியவர் ஒருவர், ஒரு பஸ் என்று சொன்னேன். அம்மா விரலை மடக்கி எண்ணினா.

"காணும்" என்றா. "கை கழுவிட்டு வா."